குண்டு அதேதான், மருந்துதான் மாறியது: எம்-16 துப்பாக்கி போர்க்களத்தில் ஏன் ஜாம் ஆனது?

1967 ஏப்ரல், மே மாதங்கள். வியட்நாமின் கே சான் பகுதியில் சில குன்றுகளைப் பிடிக்க அமெரிக்க மரைன் படை கடும் சண்டையில் இருந்தது. அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு மரைன் வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் பேசுபொருளானது. இறந்துகிடந்த தோழர்களின் பக்கத்தில் அவர்களுடைய துப்பாக்கி பிரித்துப் போட்ட நிலையில் கிடந்தது என்பதுதான் அதன் சாரம். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது அவர்கள் தங்கள் துப்பாக்கியைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தத் துப்பாக்கி எம்-16. அப்போது அது புத்தம் புதுசு. அதன் மூல வடிவமான ஏ.ஆர்-15 ஆரம்பகாலச் சோதனைகளில் நன்றாகவே ஓடியது. சோதனைக்கும் போருக்கும் நடுவில் என்ன மாறியது? பல விஷயங்கள் மாறின. ஆனால் இதை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு முதலில் விரல் நீட்டியது தோட்டாவுக்குள் இருந்த மருந்தை நோக்கி.

லேசான குண்டுக்கு எந்த மருந்து போடுவது? அமெரிக்காவில் வீட்டு கராஜில் சொந்தமாகத் தோட்டா தயாரிக்கும் பொழுதுபோக்காளர்கள் இன்றைக்கும் கேட்கும் கேள்வி இது. 1964-ல் அமெரிக்க ராணுவமும் இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டது. அங்கே சறுக்கியது எப்படி என்று பார்த்தால், மருந்துத் தேர்வு எப்படி வேலை செய்கிறது என்பதும் புரிந்துவிடும்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

நாம் பொதுவாக 'குண்டு', 'தோட்டா' இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரைக்கு மட்டும் கொஞ்சம் பிரித்து வைத்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுடும்போது குண்டு மட்டும்தான் பறந்து போகும். கூடு துப்பாக்கியிலேயே தங்கும், பிறகு வெளியே தள்ளப்படும். அந்தக் காலிக் கூட்டைப் பொறுக்கி, புது ப்ரைமர், புது மருந்து, புது குண்டு போட்டு மறுபடி தோட்டா ஆக்குவதுதான் ஹேண்ட்லோடிங்.

'மருந்து' என்பது நம்மூர் வழக்கிலேயே உள்ள சொல். நாட்டுத் துப்பாக்கியில் 'மருந்து கெட்டிப்பது' என்பார்கள். அது கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த கருமருந்து. இன்றைய ரைஃபிள் தோட்டாவில் இருப்பது அது இல்லை. 1884-ல் பிரான்ஸில் பால் வியே என்ற வேதியியலாளர் நைட்ரோசெல்லுலோஸிலிருந்து உருவாக்கிய புகையற்ற மருந்தின் வழித்தோன்றல்கள்தான் இப்போது எல்லாத் தோட்டாவிலும். சுருக்கமாகச் சொன்னால், பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, களியாக்கி, சின்னச் சின்னத் துணுக்குகளாக்கிய பொருள்.

இதைத் திறந்த வெளியில் கொளுத்தினால் வெடிக்காது, காகிதம் மாதிரி சர்ரென்று எரிந்து போகும். மூடிய இடத்தில் கதையே வேறு. எரியும்போது வாயு வருகிறது, அதனால் அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரிகிறது, அதனால் மேலும் வாயு. ஒன்றை ஒன்று தூக்கிவிடும் இந்தச் சுழலை எந்த வேகத்தில் ஓடவிடுவது என்பதுதான் மருந்து தயாரிப்பாளரின் முழுத் தொழிலே.

அதற்கு அவர்கள் கையில் இருக்கும் முக்கியமான கருவி, துணுக்கின் வடிவம். விறகடுப்பு எரித்தவர்களுக்கு இது தெரியும். ஒரு கிலோ சுள்ளியும் ஒரு கிலோ கட்டையும் ஒரே எடைதான். சுள்ளி படபடவென எரிந்து தீர்ந்துவிடும், கட்டை நின்று எரியும். காற்றுபடும் மேற்பரப்பு எவ்வளவு என்பதே வித்தியாசம். மருந்துத் துணுக்கைக் குச்சியாக இழுக்கலாம், நடுவில் ஓட்டை போடலாம், தட்டையாக்கலாம், கடுகு மாதிரி உருண்டையாக்கலாம். மேலே எரிவதைத் தாமதப்படுத்தும் பூச்சு கொடுக்கலாம். இப்படித்தான் 'வேகமான' மருந்து, 'மெதுவான' மருந்து என்று நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் சந்தைக்கு வந்தன.

லேசான குண்டுக்கு ஏன் வேகமான மருந்து?

ஒரு தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலி வண்டியைத் தள்ளினால் சட்டென்று கையை விட்டு ஓடிவிடும். அதற்குப் பிறகு உங்களிடம் எவ்வளவு தெம்பு மிச்சமிருந்தாலும் பிரயோஜனம் இல்லை, கை வண்டியில் படவே படாது. எனவே காலி வண்டிக்கு முழு பலத்தையும் முதல் இரண்டு அடிக்குள் கொடுத்துவிட வேண்டும். மூட்டை ஏற்றிய வண்டி அப்படி இல்லை. மெதுவாக நகரும், நீங்களும் கூடவே நடந்து தள்ளிக்கொண்டே போகலாம். அதை எடுத்த எடுப்பில் ஒரே உந்தாக உந்தினால் வண்டி நகராது, உங்கள் தோள்தான் போகும்.

குண்டும் அப்படித்தான். லேசான குண்டு குழாயில் சீக்கிரம் முன்னே போய்விடும். அதன் பின்னால் இடம் வேகமாகப் பெருகுவதால் அழுத்தம் விழும். ஆகவே சீக்கிரம் எரியும் மருந்து வேண்டும். மெதுவான மருந்து போட்டால் பாதி எரிவதற்குள் குண்டு வெளியே போயிருக்கும். மீதி மருந்து குழாய் வாயில் தீப்பிழம்பாகப் போகும், குண்டின் வேகமும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். கனமான குண்டுக்கு இதற்கு நேர்மாறு: மெதுவான மருந்து வேண்டும். அங்கே வேகமான மருந்தைப் போட்டால் குண்டு நகரும் முன்பே அழுத்தம் எகிறி, கூடு கிழியலாம், துப்பாக்கியே சிதறலாம்.

இந்த மொத்த நாடகமும் முடிய ஆகும் நேரம் சுமார் ஒரு மில்லி விநாடி.

எம்-16 தோட்டாவின் குண்டு இந்த 'லேசான' வகை. எடை 55 கிரெய்ன், அதாவது சுமார் 3.56 கிராம். நகைக்கடை கணக்கில் அரைப் பவுனுக்கும் குறைவு. அதற்கு முந்தைய நேட்டோ தோட்டாவின் 7.62 மி.மீ. குண்டு கிட்டத்தட்ட 9.5 கிராம். எடையை இப்படிக் குறைத்ததால்தான் ஒரு வீரர் அதிகத் தோட்டாக்களைச் சுமக்க முடிந்தது, துப்பாக்கியின் உதைப்பும் குறைந்தது. யூஜின் ஸ்டோனர் என்ற வடிவமைப்பாளரின் ஏ.ஆர்-15, டுபான்ட் நிறுவனத்தின் ஐ.எம்.ஆர். 4475 என்ற குச்சி வடிவ மருந்தை நிரப்பிய தோட்டாவோடு சேர்ந்தே வளர்ந்த துப்பாக்கி.

3,250 என்ற ஓர் எண்

1963 நவம்பரில் அமெரிக்க ராணுவமும் விமானப்படையும் சேர்ந்து 1,04,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தன. தோட்டாவுக்கான தர வரையறையில் இரண்டு எண்கள் முக்கியம். குண்டின் வேகம் விநாடிக்கு 3,250 அடி இருக்க வேண்டும், 40 அடி கூடக் குறைய இருக்கலாம். மீட்டரில் சொன்னால் விநாடிக்குச் சுமார் 990 மீட்டர். அதே சமயம் உள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 52,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. நம் வீட்டு பிரஷர் குக்கர் சுமார் 15 பவுண்டில் விசில் அடிக்கிறது என்றால், அதைப்போல 3,400 மடங்குக்கு மேல்.

ஐ.எம்.ஆர். 4475 இந்த இரண்டையும் சேர்த்துத் தொட முடியாமல் திணறியது. ஒரு பேட்சில் சரியாக வரும், அடுத்த பேட்சில் வேகம் கிடைத்தால் அழுத்தம் எல்லை தாண்டும். பெருமளவில் உற்பத்தி செய்யும்போது இந்த வரையறைக்குள் நிற்க முடியாது என்று 1964 தொடக்கத்தில் டுபான்ட் கைவிரித்தது.

இங்கே ராணுவத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. வேக இலக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம், அல்லது மருந்தை மாற்றலாம். விநாடிக்கு 3,250 அடி என்பது 3,150 ஆனால் களத்தில் வீரருக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் காகிதத்தில் எழுதப்பட்ட எண்ணுக்கு ஒரு தனி பலம் உண்டு. கே.பி.ஐ. ஷீட் நிரப்பும் யாருக்கும் அது தெரியும். எண் அப்படியே நின்றது, மருந்து மாறியது.

1964-ல் இரண்டு மாற்று மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. ஒன்று டுபான்டின் சி.ஆர். 8136. இன்னொன்று ஒலின் நிறுவனத்தின் டபிள்யூ.சி. 846. முதலாவதும் அதே சிக்கலில் மாட்டி அந்த ஆண்டுக்குள்ளேயே விலகிக்கொள்ள, களத்தில் மிஞ்சியது டபிள்யூ.சி. 846. இது உருண்டை வடிவ 'பால் பவுடர்'. 1930களில் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனியில் உருவான தொழில்நுட்பம். பெயரில் உள்ள டபிள்யூ.சி. அந்தக் கம்பெனியின் முதலெழுத்துகள்தான். தண்ணீருக்குள்ளேயே தயாராவதால் ஆபத்து குறைவு, சீக்கிரம் தயாரிக்கலாம், பழைய மருந்தைக் கரைத்து மறுபடி பயன்படுத்தவும் முடியும். 7.62 தோட்டாவில் ராணுவத்துக்கு ஏற்கெனவே பழக்கமான மருந்து வேறு. ஆக, இதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் காரணமே இல்லாமல் இல்லை.

ஸ்டோனர் பிறகு நாடாளுமன்ற விசாரணையில் சொன்ன ஒரு தகவல் எனக்கு மறக்கவே மறக்காது. மருந்து மாற்றம் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டார்களாம். எப்போது? முடிவெடுத்த பிறகு.

மருந்து மாறியதும் துப்பாக்கிக்குள் என்ன ஆனது?

இதுதான் கதையின் மையம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எம்-16 தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. அதற்கான சக்தி மருந்து எரியும் வாயுவிலிருந்து வருகிறது. குழாயில் பாதிக்கு மேல் தள்ளி ஒரு சின்ன துவாரம் உண்டு. குண்டு அதைத் தாண்டியதும் கொஞ்சம் வாயு அந்தத் துவாரம் வழியாக ஒரு மெல்லிய டியூபில் புகுந்து பின்னால் போய், போல்ட் கேரியர் என்ற பாகத்தைத் தள்ளும். அது பின்னால் போகும்போது காலிக் கூட்டை உருவி வெளியே எறியும், முன்னால் வரும்போது புதுத் தோட்டாவை ஏற்றும்.

அப்படியானால் இந்தத் துப்பாக்கிக்கு இரண்டு அழுத்தங்கள் முக்கியம். ஒன்று, தொடக்கத்தில் வரும் உச்ச அழுத்தம். இன்னொன்று, குண்டு அந்தத் துவாரத்தைத் தாண்டும் நேரத்தில் அங்கே இருக்கும் அழுத்தம். 

டபிள்யூ.சி. 846 உச்ச அழுத்தத்தை எல்லைக்குள் வைத்தபடி 3,250 அடி வேகத்தைக் கொடுத்தது. எப்படி? உச்சத்தைத் தாழ்த்தி, எரிவதை நீட்டி. நம் தள்ளுவண்டிக் கணக்கில் சொன்னால், முதல் உந்து மென்மையாகவும் தொடர்ந்து தள்ளுவது அதிகமாகவும் ஆனது. குண்டைப் பொறுத்தவரை இது பிரச்சினையே இல்லை, அது சொன்ன வேகத்தில் போய்விட்டது. ஆனால் குழாயின் நடுப்பகுதியிலும் இன்னும் மருந்து எரிந்துகொண்டிருந்ததால், துவாரத்தில் அழுத்தம் பழைய மருந்தைவிட அதிகமானது.

விளைவு, போல்ட் கேரியர் வேகமாகப் பின்னால் ஓடியது. நிமிடத்துக்கு 850 தோட்டாக்களைத் தாண்டக் கூடாத துப்பாக்கி, 1,000 வரை சுட ஆரம்பித்தது. கேட்க நல்ல விஷயம் மாதிரி இருக்கும். இல்லை. சுட்டவுடன் பித்தளைக் கூடு அழுத்தத்தில் ஊதி, அறையின் சுவரோடு ஒட்டி நிற்கும். அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விலகும். அது சுருங்குவதற்கு முன்பே உருவினால் கூடு வராது. உருவும் கொக்கி வழுக்கிவிடும் அல்லது கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். காலிக் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டால், துப்புரவுக் கம்பியை முன்பக்கமாக விட்டுக் குத்தித் தள்ளினால்தான் துப்பாக்கி மறுபடி வேலை செய்யும். கே சான் குன்றுகளில் பிரித்துக் கிடந்த துப்பாக்கிகளை இப்போது நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பிரச்சினை அழுக்கு. பால் பவுடர் தயாரிப்பில் மிஞ்சும் அமிலத்தைச் செயலிழக்கச் செய்யக் கால்சியம் கார்பனேட் சேர்ப்பார்கள், கிட்டத்தட்ட சாக்பீஸ் மாவு. எரிந்த பிறகு இதன் மிச்சம் மெல்லிய வாயு டியூபில் படிந்தது. 7.62 துப்பாக்கியில் தொந்தரவு தராத அளவு, இந்தச் சின்ன டியூபுக்கு அதிகமாகிவிட்டது. பிற்பாடு அனுமதிக்கப்பட்ட அளவை 1 சதவீதத்திலிருந்து கால் சதவீதமாகக் குறைத்தார்கள்.

டெஸ்ட்டில் ஒரு தோட்டா, போரில் இன்னொன்று

டேட்டாவோடு மல்லுக்கட்டுவது என் வேலை என்பதால், இந்தக் கதையில் என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் இடம் மருந்து அல்ல, இதுதான்.

துப்பாக்கி தயாரித்த கோல்ட் நிறுவனம், பால் பவுடர் தோட்டாவால் சோதித்தால் தங்கள் துப்பாக்கிகளில் பாதியாவது 850 என்ற வேக வரம்பில் ஃபெயிலாகும் என்று ராணுவத்திடம் சொன்னது. இந்த இடத்தில் மணி அடித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ஏற்புச் சோதனைக்குக் குச்சி மருந்துத் தோட்டாவைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. துப்பாக்கிகள் பாஸ் ஆயின. பாஸ் ஆன துப்பாக்கிகள் வியட்நாம் போயின. அங்கே அவற்றுக்குக் கிடைத்த தோட்டாக்களில் பெரும்பகுதி பால் பவுடர்.

சோதனை அறிக்கையில் எந்த எண்ணும் பொய் இல்லை. அளந்த பொருள்தான் வேறு.

பிரதிநிதி ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையிலான துணைக்குழு 1967 மே மாதம் விசாரணையைத் தொடங்கி அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. போதுமான சோதனை இல்லாமல் மருந்தை மாற்றியதும், கோளாறு தெரிந்த பிறகும் அதைத் தொடர்ந்ததும் கோளாறுகளுக்கு முக்கியக் காரணம் என்றது. குறையைச் சரிசெய்யாமல் விட்டது குற்றவியல் அலட்சியத்தின் எல்லையில் நிற்கிறது என்கிற அளவுக்குக் கடுமையான மொழி அதில் இருந்தது. அதிகாரிகள் யாரும் சிறைக்குப் போகவில்லை. பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபாலோஸ் 1981-ல் இந்த விசாரணைப் பதிவுகளைத் தோண்டி எழுதிய பிறகுதான் பொதுவெளியில் இது மறுபடி பெரிதாகப் பேசப்பட்டது.

அப்படியானால் எல்லாப் பழியும் மருந்துக்கா?

இல்லை, இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. எம்-16 கதையை 'தப்பான மருந்து' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மை அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

முதலில், தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சு இல்லை. அதற்கு முந்தைய எம்-14 துப்பாக்கியில் குழாய்க்குக் குரோம் இருந்தது. வியட்நாம் ஈரத்தில் பூச்சில்லாத அறை துருப்பிடித்துச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. அந்தக் குழிகளில் பித்தளை கவ்விக்கொண்டால், எந்த மருந்து போட்டாலும் கூடு சுலபமாக வராது. இரண்டாவது, இந்தத் துப்பாக்கிக்குச் சுத்தம் செய்யும் வேலையே அதிகம் இல்லை என்ற பேச்சு பரவியிருந்தது. பல பிரிவுகளுக்குப் போதுமான துப்புரவு கிட் போய்ச் சேரவில்லை, பயிற்சியும் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். கனமான பஃபர் வைத்து போல்ட் வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். 1967-ல் அறைக்குக் குரோம் வந்தது. கிட்கள் போயின. 1968-ல் காமிக்ஸ் மேதை வில் ஐஸ்னரை வைத்துப் படக்கதையாகவே ஒரு பராமரிப்புக் கையேடு போட்டார்கள் என்பது இந்த இருண்ட கதையில் ஒரு வினோதமான கிளைக்கதை. துப்பாக்கி மெல்ல நம்பகமானது.

முக்கியமான விஷயம், பால் பவுடர் கெட்ட மருந்து அல்ல. பஃபரும் குரோமும் சரியான பிறகு அதே குடும்பத்து மருந்துதான் தொடர்ந்தது. துப்பாக்கி, குண்டு, மருந்து மூன்றும் சேர்ந்து டியூன் ஆன ஓர் அமைப்பில் ஒன்றை மட்டும் உருவி மாற்றியதுதான் சிக்கல்.

கராஜில் தோட்டா செய்பவர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா தயாரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் வேண்டும். அதனால் ஹேண்ட்லோடிங் அங்கே ஒரு பெரிய பொழுதுபோக்கு. காசு மிச்சம் என்பது ஒரு காரணம், துல்லியம் இன்னொரு காரணம். தூரத்தில் உள்ள சின்ன இலக்கைக் குறிவைப்பவர்கள் லேசான குண்டை அதிகம் விரும்புவார்கள்.

அவர்கள் முதலில் திறப்பது மருந்து, குண்டு நிறுவனங்கள் வெளியிடும் கையேடு. குறிப்பிட்ட தோட்டா, குறிப்பிட்ட குண்டு எடை, குறிப்பிட்ட மருந்து என ஒவ்வொரு கூட்டணிக்கும் ஆய்வகத்தில் அழுத்தம் அளந்து பார்த்து, தொடக்க அளவும் உச்ச அளவும் கொடுத்திருப்பார்கள். தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறுவதுதான் விதி. அந்த அளவுகள் எதையும் இந்தக் கட்டுரையில் தரப்போவதில்லை. கையேட்டைத் தவிர வேறெங்கிருந்தும் அவற்றை எடுக்கக் கூடாது என்பதே அந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம்.

'பர்ன் ரேட் சார்ட்' என்று ஒன்றும் உண்டு. மிக வேகமான மருந்து முதல் மிக மெதுவானது வரை வரிசை எண்ணோடு இருக்கும். புதியவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். இது ரேங்க் பட்டியல் மட்டுமே. கல்லூரித் தரவரிசையில் 10-வது இடத்துக்கும் 11-வது இடத்துக்கும் உள்ள இடைவெளி, 50-க்கும் 51-க்கும் உள்ள இடைவெளிக்குச் சமம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். தவிர, மருந்தின் வேகம் அழுத்தத்தைப் பொறுத்து மாறுவதால், ஒரு தோட்டாவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மருந்துகள் வேறு தோட்டாவில் இடம் மாறியும் நிற்கலாம். அதனால் 'சார்ட்டில் பக்கத்தில்தானே இருக்கிறது, இதைப் போடுவோம்' என்பது ஆபத்தான கணக்கு.

பெயரிலும் பொறி இருக்கிறது. எச் 4831, ஐ.எம்.ஆர். 4831 என்று இரண்டு மருந்துகள் உண்டு. முதலாவது, இரண்டாம் உலகப் போரின் உபரி ராணுவ மருந்தை வாங்கி ஹாட்ஜ்டன் நிறுவனம் விற்கத் தொடங்கியது. இரண்டாவது டுபான்ட் பிறகு கொண்டுவந்தது. எண் ஒன்றே, ஆனால் இரண்டாவது வேகமானது. ஒன்றின் கையேட்டு அளவை மற்றதற்குப் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டலாம். (இரண்டுமே லேசான குண்டுக்கான மருந்து அல்ல, பெயர்க் குழப்பத்துக்காகச் சொல்கிறேன்.)

வீட்டில் தோட்டா செய்பவரால் எதை அளக்க முடியும் என்பதுதான் அடுத்த கேள்வி. குண்டின் வேகத்தைச் சுலபமாக அளக்கலாம், குரோனோகிராஃப் என்ற கருவி போதும். உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளக்க ஆய்வகம் வேண்டும். ப்ரைமர் தட்டையாகியிருக்கிறதா, கூட்டின் அடியில் தழும்பு விழுந்திருக்கிறதா, போல்ட் திறக்கக் கஷ்டமாக இருக்கிறதா என்று மறைமுக அறிகுறிகளைத்தான் பார்க்க முடியும். அவையும் பெரும்பாலும் எல்லை தாண்டிய பிறகே தெரியும். ஆக, 1964-ல் ராணுவத்துக்கு நடந்தது இவர்களுக்கும் நடக்கலாம்: கண்ணில் தெரிகிற வேகம் திருப்தியாக இருக்கும், கண்ணில் தெரியாத அழுத்தம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு பழக்கம் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். மூன்று அல்லது ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்து, 'இந்த மருந்துதான் என் துப்பாக்கிக்குப் பொருத்தம்' என்று முடிவு கட்டுகிறார்கள். ஐந்து தோட்டாக்களின் வேகத்தில் உள்ள பரவல், மருந்தின் குணத்தைவிடத் தற்செயலையே அதிகம் காட்டும். இன்று ஐந்து, நாளை ஐந்து சுட்டால் 'சிறந்த மருந்து' மாறிவிடும். சர்வேயில் ஐந்து பேரிடம் கேட்டுத் தேர்தல் முடிவு சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போதைய தலைவலி தட்டுப்பாடு. நைட்ரோசெல்லுலோஸுக்கான மூலப்பொருள், பஞ்சு எடுத்த பிறகு பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழை. உக்ரைன் போருக்குப் பிறகு பீரங்கி மருந்துக்கான தேவை எகிறியதால் உலகம் முழுக்க இதற்கு இழுபறி. பொழுதுபோக்காளர்களுக்கான டப்பா மருந்து கடைசி வரிசையில்தான் நிற்கும். வழக்கமான மருந்து கிடைக்காதபோது 'பக்கத்து மருந்தை' நாடும் ஆசை வரும். கையேட்டில் அந்தக் கூட்டணி இல்லையென்றால் செய்யாமலிருப்பதே பாதுகாப்பு. லேசான .223 குண்டுகளுக்கு அங்கே பிரபலமான மருந்துகளில் ஒன்று எச் 335, அது 5.56 ராணுவத் தோட்டாவின் பால் பவுடரிலிருந்து வந்ததுதான்.

இந்தியாவில் இதெல்லாம் செய்யலாமா?

செய்ய முடியாது. ஆயுதச் சட்டம் 1959-ன் 5-வது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் இருந்தால் தோட்டா செய்யலாம் என்று அர்த்தமில்லை. தவிர, எம்-16 சுடும் 5.56 போன்ற ராணுவ அளவுத் தோட்டாக்கள் இங்கே தனிநபருக்குத் தடைசெய்யப்பட்ட வகை.

மருந்து தயாரிப்பு இந்தியாவுக்குப் புதிதில்லை. ஊட்டி மலை ரயிலில் குன்னூரும் வெலிங்டனும் தாண்டினால் அருவங்காடு ஸ்டேஷன் வரும். அங்கே இருக்கும் கார்டைட் தொழிற்சாலை 1903-ல் தொடங்கப்பட்டது. 1889-ல் பிரிட்டனில் ஏபெல், டூவர் இருவரும் உருவாக்கிய புகையற்ற மருந்துதான் கார்டைட். கயிறு மாதிரி இழுத்து எடுப்பதால் அந்தப் பெயர். நீலகிரியில் செய்த மருந்து பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குப் போனது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகு, அருவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது.

நம் போட்டித் துப்பாக்கி வீரர்கள் என்ன செய்கிறார்கள்? 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் சுடுவது .22 ரிம்ஃபயர் தோட்டா. ப்ரைமர் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், அதைப் பொறுக்கி மறுபடி நிரப்பும் பேச்சுக்கே இடமில்லை. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வீரருக்குக் கிடையாது. அதனால் உயர்மட்டப் போட்டியாளர்கள் தங்கள் துப்பாக்கியைத் தயாரிப்பு நிறுவனத்தின் சோதனைக்கூடத்துக்கே கொண்டுபோகிறார்கள். துப்பாக்கியை அசையாமல் பிடித்து வைத்து, ஒரே பிராண்டின் வெவ்வேறு பேட்ச் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கிறார்கள். பெட்டி ஒன்றுபோல இருக்கும், இலக்கில் விழும் ஓட்டைகளின் நெருக்கம் மட்டும் பேட்சுக்குப் பேட்ச் மாறும். தங்கள் குழாய்க்கு ஒத்துவரும் பேட்சை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அது தீர்ந்ததும், மறுபடியும் முதலிலிருந்து டெஸ்ட்.